இருவருக்கும் சேர்த்து ஓர் அபராதம்

சுதந்திரத்துக்குப் பிறகு மைசூர் மகாராஜா ராஜப்பிரமுகராக இருந்த வருஷங்களில் நான் அந்த ராஜ்யத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். எனக்குக் கோபம் மூக்கின் மேல் நிற்கும். என் வார்டிலேயே வேலை பார்த்த தோழி மாதா கோயில் பாட்டுக் குழுவிலும் என் பக்கத்தில்தான் நிற்பாள். அவளுக்கு முதல் குழந்தை உண்டானபோதே, “நீதாண்டி ஞானத்தாய், பேர் வைக்கிறதும் நீதான்” என்று சொல்லிவிட்டாள். கல்யாணம் ஆகாத எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த டிசம்பரில் டியூட்டி நேரத்தில் கிறிஸ்துமஸ் பாட்டு ஒத்திகைக்கு நழுவினேன். தலைமை நர்ஸ் வந்து கேட்க, என் தோழி உள்ளதைச் சொல்லிவிட்டாள். எல்லோர் முன்னாலும் எனக்குத் திட்டு. கிறிஸ்துமஸ் லீவும் போயிற்று. ஏழு மாதக் கர்ப்பிணி என்றும் பாராமல், “உன் குழந்தைக்கு வேற ஞானத்தாயைப் பாத்துக்கோ. அது மூஞ்சியிலகூட நான் முழிக்க மாட்டேன்” என்று கத்தினேன்.

அதோடு பேச்சு நின்றது. பிப்ரவரியில் பெண் பிறந்தது என்று கேள்விப்பட்டும் நான் போகவில்லை. கத்தோலிக்கரான எங்களில், குழந்தை பிறந்த பத்து நாளுக்குள் ஞானஸ்நானம் கொடுத்துவிடுவார்கள். அதற்குள் குழந்தைக்கு ஏதாவது ஆகிவிட்டால் மோட்சம் இல்லையே என்ற பயம். ஆகவே எவளோ ஒருத்தி ஞானத்தாயாக என் இடத்தில் குழந்தையை ஏந்தி நின்றிருப்பாள் என்று வயிறு எரிந்தேன்.

ஈஸ்டருக்கு முன் சாமியாரிடம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தே ஆக வேண்டும். ஈஸ்டருக்கு முந்தின பெரிய வாரத்தில் ஒரு சாயங்காலம் போய்த் திரைக்கு முன்னால் மண்டியிட்டேன். சாமியார் கன்னடக்காரர், நன்றாகத் தமிழ் பேசுவார்.

“சாமி, என் தோழி என்னைக் காட்டிக் குடுத்தா. மன்னிப்பும் கேக்கலை. எதிர்ல பாத்தா முகத்தைத் திருப்பிக்கிறா. ரொம்பக் கர்வம் சாமி.”

“ஹௌதா, அப்படியா? அவ சொன்னது பொய்யாம்மா?”

“இல்லை சாமி. நிஜந்தான்.”

“சரி. அவ பாவமெல்லாம் சொல்லியாச்சு. உன்னோடது?”

பிறக்காத குழந்தையைப் பற்றி நான் சொன்ன வார்த்தையைச் சொன்னேன். அழுகை வந்தது.

“ஆண்டவர் மன்னிப்பார். அபராதம் ஒரு ஜெபமாலை. அவ பாவத்தையும் நீயே சொன்னதால, அவளுக்கு ஒண்ணும் நீயே சொல்லிடு.” திரைக்குப் பின்னால் அவர் சிரித்தது எனக்குக் கேட்டது.

கோயிலிலேயே ஒரு மூலையில் மண்டியிட்டு ஆரம்பித்தேன்; என் ஜெபமாலை சுலபமாக முடிந்தது. அவளுடையதில் பாதி வந்ததும் முழங்கால் வலித்தது, ‘இவளுக்காக நான் எதற்கு’ என்று கோபம் வந்தது. கோபத்தோடு சொன்னது செல்லாது என்று முதல் மணியிலிருந்து மறுபடி ஆரம்பித்தேன். மூன்று தடவை இப்படியே ஆயிற்று.

“இன்னும் முடியலையா? அப்படி என்னடி பாவம் பண்ணினே?”

குழந்தையும் கையுமாக அவளே பின்னால் நின்றாள்.

“பாதி உன்னோடதுடி” என்றேன். “நானே சொன்னேன். உன் அபராதமும் என் தலையில விழுந்துடுச்சு.”

முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அவள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். பீடத்தில் விளக்கேற்றிக்கொண்டிருந்த கோயில்பிள்ளை எங்களை முறைத்தார்.

“அன்னைக்குச் சொன்னதுக்கு மன்னிச்சுக்கோ” என்றேன்.

“சரி சரி, இவளைப் பிடி. என் பங்கை நான் சொல்றேன்.” குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் மண்டியிட்டாள். பிஞ்சுக் கை என் விரலைப் பிடித்துக்கொண்டது. இத்தனை நாள் இதைப் பார்க்காமல் இருந்தேனே!

“பேர் என்ன வச்சே?”

“வைக்கலை.”

“ஞானஸ்நானம்?”

“குடுக்கலை.”

எனக்குப் பகீரென்றது. பிறந்து நாற்பது நாள்! “பைத்தியமா உனக்கு? வீட்டுல ஒண்ணும் சொல்லலையா?”

“மாமியார் தினம் திட்டறாங்க” என்றாள், ஜெபமாலை மணியிலிருந்து கண்ணை எடுக்காமல். “ஞானத்தாய் கோவமா இருக்கா, ஈஸ்டருக்குள்ள பாவசங்கீர்த்தனத்துக்கு அவ வந்துதானே ஆகணும்னு சொல்லிட்டேன். ஞாயித்துக்கிழமையிலேருந்து தினமும் சாயங்காலம் இவளைத் தூக்கிட்டு இங்கதாண்டி உக்காந்திருக்கேன்.”