கிளினிக் நாளில் போடாத குளிசை

எனக்குக் கோபம் மூக்கின்மேல் இருக்கும். இரத்தோட்டைக்கு மேலே ஒரு சிறிய ஆஸ்பத்திரிக்குக் குடும்ப மருத்துவம் பயிலப் போன முதல் வாரத்திலேயே தாதிமார் அதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். பயிற்சிக்கு வரும் வைத்தியர்கள் அங்கே சில மாதங்கள்தான் இருப்போம். ஒருவர் போக, இன்னொருவர் வந்து அதே கதிரையில் உட்காருவார். நோயாளிகள் மட்டும் மாறுவதில்லை. கிளினிக் கொப்பியை ஷொப்பிங் பையில் சுற்றிக்கொண்டு, எல்கடுவப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து மர வாங்கில் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள்.

எனக்கு முன்னிருந்தவர்களுக்குத் தமிழ் தெரியாது. தாதி ஒருவர் அரைகுறையாக மொழிபெயர்ப்பார். எங்கள் குடும்பமோ உத்தியோகத்துக்காக யாழ்ப்பாணத்திலிருந்து மாத்தளைக்கு வந்தது. நான் தமிழிலேயே பேசுவேன், தமிழிலேயே ஏசுவேன். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

அந்த அம்மா கொழுந்து பறிப்பவர். ஐம்பது வயதிருக்கும். பிரஷர், சீனி வியாதி இரண்டும் இருந்தன. கொப்பியைப் புரட்டினால் ஒவ்வொரு கிளினிக்கிலும் பிரஷர் உச்சத்தில். ஒவ்வொரு புதுக் கையெழுத்தும் மருந்துக் குளிசையைக் கூட்டியிருந்தது. அன்றும் இம்மியளவும் குறையவில்லை. எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"உண்மையைச் சொல்லுங்கோ அம்மா. குளிசையை முழுசாப் போடுறனீங்களோ?"

அவர் தரையைப் பார்த்தார். "சில நாளைக்குப் பாதியா உடைச்சுப் போடுறேங்க. தலை சுத்துது."

"பிரஷர் இவ்வளவு இருந்தால் தலை சுத்தாமல் என்ன செய்யும்? ஆரை ஏமாத்துறீங்கள், என்னையோ, உங்களையோ?"

வாங்கில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்டிருக்கும். அதோடு விட்டேனா? நானும் ஒரு குளிசை கூட்டி எழுதினேன்.

மூன்று வாரம் கழித்து, ஒரு மத்தியானம், அவரைத் தோட்டத்து லொறியில் கொண்டுவந்து இறக்கினார்கள். மலையில் நின்றவர் கண் இருட்டி, கூடையோடு சரிவில் உருண்டிருந்தார். நெற்றியில் இரத்தம், வலது மணிக்கட்டு முறிந்து தொங்கியது. பிரஷர் பார்த்தேன். கருவி பழுது என்றுதான் முதலில் நினைத்தேன். வேறொன்றை எடுத்து வரச் சொன்னேன். அதுவும் அதையே காட்டியது. உச்சத்தில் இருந்த பிரஷர் பாதாளத்தில் கிடந்தது.

சேலைன் ஏற்றி, காலை உயர்த்திவைத்த பிறகு மெல்லக் கண் திறந்தார். இன்று எத்தனை குளிசை போட்டீர்கள் என்று கேட்டேன்.

"நீங்க எழுதின மாதிரிதாங்க டொக்டர் அம்மா. ஒண்ணையும் உடைக்கல."

"அப்ப கிளினிக்குக்கு வரேக்க மட்டும் ஏன் கூடுது?" என்றேன். எனக்கு நானே கேட்டுக்கொண்டது போலத்தான்.

"கிளினிக் அன்னைக்குப் போடுறதில்லையேங்க." இது தெரியாதா என்ற குரலில் சொன்னார். "ரத்தம் எடுக்கணும், வெறும் வயித்தோட வாங்கன்னு சொல்றீங்க. சாப்பிட்டப்புறந்தானே குளிசை. மொத நாள் ராத்திரியே நிப்பாட்டிருவேன். மருந்து கலந்திருந்தா ரத்தம் சரியாக் காட்டாதே. லயத்து வீடுகள்ல எல்லாருமே அப்படித்தாங்க."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மருந்தே இல்லாத ஒரு காலையில் மட்டும் அவரைப் பார்த்து, மற்ற எல்லா நாட்களுக்கும் மருந்தைக் கூட்டிக்கொண்டே போயிருக்கிறோம், ஒருவர் மாறி ஒருவராக. அவர் உடைத்துப் போட்ட அந்தப் பாதிதான் அவரை அதுவரை நிமிர்த்தி வைத்திருக்கிறது. அதையும் நான் ஏசி நிறுத்திவிட்டேன்.

எலும்பைப் பார்ப்பதற்கு அவரைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். அடுத்த கிளினிக் நாளில் நான் கதிரையில் உட்காரவில்லை. நேரே வாங்குக்குப் போனேன்.

"இண்டைக்கு விடிய குளிசை போட்ட ஆக்கள் கையைத் தூக்குங்கோ."

ஒரு கைகூட எழவில்லை. வருடக்கணக்காக அங்கே வேலை செய்த தாதி வாயைப் பொத்திக்கொண்டார். எங்களில் எவரும் இதை ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

அன்றிலிருந்து, பிரஷர் குளிசையைத் தண்ணீரோடு போட்டுக்கொண்டே வரவேண்டும், சீனிக் குளிசையை மட்டும் இரத்தம் கொடுத்துவிட்டு ரொட்டியோடு போடலாம் என்று ஒவ்வொருவருக்கும் சொல்லி அனுப்பினோம். அடுத்து வரப்போகும் வைத்தியருக்காக, கொப்பிகளின் முதல் பக்கத்திலேயே "இன்று காலை குளிசை போட்டாரா, கேட்கவும்" என்று எழுதி ஒட்டினேன். இவ்வளவு சின்ன வேலை.

அந்த அம்மா கையில் மாவுக்கட்டோடு வந்தார். கட்டு அவிழ்த்தாலும் பழையபடி கொழுந்து பறிக்க முடியுமா என்று எனக்கும் தெரியவில்லை, அவருக்கும் தெரியவில்லை. நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் கூச்சத்தோடு முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டார். எனக்கோ கேட்காமல் இருக்க முடியவில்லை.

"தலை சுத்தினது தெரியுந்தானே அம்மா. பிறகேன் முழுசாப் போட்டனீங்கள்?"

"முந்தி இருந்த டொக்டர்மார் பேசுறது நமக்கு வெளங்காதுங்க. அதனால ஒடம்புக்கு ஒத்துக்கிட்டத மட்டும் போட்டேன்," என்றார். "நீங்க நம்ம பாஷையில சொன்னீங்க. அதான் அப்படியே கேட்டு நடந்தேன்."