பரமநாதன் அத்தானின் பிழைக் காசுகள்

பரமநாதன் அத்தான் என் அக்கா யோகம்மாவின் புருஷன், துறைமுகத்தில் கிளார்க். நல்ல காசைச் செலவழித்துவிட்டு, அச்சு பிசகிய காசைப் பொத்திப் பொத்தி வைக்கும் மனிதர். வெள்ளைக்கார ராசா தலை இரண்டு தரம் விழுந்தது, ஓரம் அறுந்தது என்று ஒரு பிஸ்கட் டின் நிறைய இருந்தது. லென்ஸ் வைத்துத் தரம் பிரிப்பார். காசடிக்கும் இடத்திலேயே பிசகியது 'பிறவிப் பிழை'. யாராவது பட்டறையில் நசுக்கிச் செய்தது 'கைப்பிழை'. அதை முகத்துக்கு நேரே சொல்லி ஊரைப் பகைத்துக்கொள்வார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

சப்பான்காரன் வந்த பிறகு ராசா தலைக் காசு வைத்திருப்பதே வம்பு. டின்னைக் கடலில் போடச் சொன்னாள் அக்கா.

"பிழைக் காசு ஆருக்கு வேணும்?" என்றார் அத்தான்.

ஒரு சப்பான் அதிகாரிக்கு வேண்டியிருந்தது. அவனுக்கும் இதே பைத்தியம். எங்கள் ஊர் ஜெலுத்தோங்கில் பக்கத்து வீட்டு ஜபருல்லா, கடிகாரம் பழுது பார்ப்பவர், அரிசிக்கு ஆசைப்பட்டு அவனிடம் பிழைக் காசு விற்றிருக்கிறார். கையால் செய்ததோ என்று சந்தேகம் வந்து அவரைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

மறுநாள் காலை, பிழைக் காசு பார்க்கத் தெரிந்தவர் அத்தான் என்று கேள்விப்பட்டு, அதிகாரி எங்கள் வீட்டுக்கே வந்தான். கூட மொழிபெயர்க்க நல்லமுத்து. ஜபருல்லாவின் மனைவி ஹாஜரா எங்கள் அடுப்படி வாசலில் நின்றாள். அதிகாரி ஒரு சதுரச் செப்புக் காசை மேசையில் வைத்தான். ராசா தலை இரண்டு தரம் விழுந்திருந்தது.

"காசடிச்ச இடத்துல வந்ததா, கையால செஞ்சதான்னு கேக்கிறாரு அண்ணே," என்றான் நல்லமுத்து.

அத்தான் லென்ஸை எடுத்தார். உதடு கோணியது. கைப்பிழைதான், எனக்குத் தெரிந்துவிட்டது. தண்ணீர்மலை முருகா, இன்றைக்கு ஒருநாள் இந்த மனுசன் பொய் சொல்லட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

"பிறவிப் பிழை," என்றார் அத்தான்.

அதிகாரி சிரித்துக்கொண்டே பையிலிருந்து இன்னொரு காசை எடுத்து வைத்தான். அதே சரிவு, அதே இடம். தானாக வரும் பிழை ஒன்றைப்போல் இன்னொன்று இருக்காது என்று அத்தான்தான் எங்களுக்கு ஓயாமல் சொல்வார்.

"இதுவுமா?" என்று நல்லமுத்துவைக் கேட்கச் சொன்னான்.

அத்தான் ஹாஜராவைப் பார்த்தார். "இதுவும்தான்."

நல்லமுத்து தலையைக் குனிந்துகொண்டான். "அண்ணே, ரெண்டும் தன் கையால செஞ்சதுன்னு ஜபருல்லா நேத்தே ஒத்துக்கிட்டாரு லா. நீங்க உண்மை பேசுறீங்களான்னுதான் பாக்க வந்தாரு."

அத்தானையும் டின்னையும் லாரியில் ஏற்றினார்கள்.

ஒத்துக்கொண்டதால் ஜபருல்லாவை விட்டுவிட்டார்கள். வீங்கிய கையோடு கடை திறந்துவிட்டார். அத்தான் வரவில்லை. அக்கா பொட்டை அழிக்காமல் காத்திருக்கிறாள். தண்ணீர்மலை முருகனைக் கும்பிட வா என்று கூப்பிடுகிறாள்; நான் போவதில்லை. ஒரு பொய்தான் கேட்டேன். அவன் இரண்டாகக் கொடுத்துவிட்டான்.