துண்டு முனையில் ஒரு முடிச்சு

தஞ்சாவூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் நான் எக்ஸ்ரே எடுப்பவன். என் மனைவி அங்கேயே குழந்தைகள் வார்டில் நர்ஸ். லீவு நாட்களில் நான் மேஜிக் செய்வேன். பிறந்தநாள், பள்ளி ஆண்டுவிழா, எங்கே கூப்பிட்டாலும் போவேன். கறுப்புக் கோட்டுக்குள் ரகசியப் பைகளைத் தைத்துக் கொடுத்தவள் அவள்தான். மேடையில் எனக்குப் பின்னால் நின்று பெட்டியை நீட்டுவாள், கைக்குட்டையை வாங்கி மடித்து வைப்பாள். எல்லோரும் என்னைப் பார்ப்பார்கள். இருவருக்குமே அது பிடித்திருக்கிறது என்றுதான் நினைத்திருந்தேன்.

போன வருஷம் ஊரில் ஒரு சாலையை ஞாயிறு காலையில் வண்டிகளுக்கு அடைத்துவிட்டுத் தெருவிழா நடத்தினார்கள். டிக்கெட் எதுவும் கிடையாது, யார் வேண்டுமானாலும் வரலாம். ஒரு பக்கம் சிலம்பம், ஒரு பக்கம் ஸ்பீக்கர் வைத்து ஆட்டம். எனக்கும் ஓர் இடம் ஒதுக்கினார்கள். மேடை கிடையாது; வெறும் தார் ரோடு. அதன் ஆபத்து எனக்கு உறைக்கவில்லை. என் வித்தைகள் எல்லாம் முன்னால் உட்கார்ந்திருப்பவர்களுக்கானவை. இங்கே நாலா பக்கமும் ஆட்கள் நின்றார்கள்.

வெறும் கையிலிருந்து பட்டுக் கைக்குட்டையை வரவழைத்தேன். எனக்குப் பின்னாலிருந்து ஒரு கல்லூரிப் பெண் சாதாரணமாகச் சொன்னாள்: “அண்ணா, கோட்டுக்குள்ளேருந்து எடுக்குறது இங்க தெரியுது.” சிரித்தார்கள். அடுத்த கைக்குட்டையைப் புது ஆற்றுப் பக்கமிருந்து வந்த காற்று பிடுங்கிக்கொண்டு போனது. கோட்டும் தொப்பியுமாக அதன் பின்னால் ஓடினேன். எடுத்துக்கொண்டு திரும்பியபோது கூட்டம் கலைந்திருந்தது.

கலைந்த கூட்டம் கொஞ்ச தூரத்தில் மறுபடி கூடியிருந்தது. நடுவில் என் மனைவி. அழுத குழந்தையைச் சமாதானம் செய்யப் போனவள், அதன் அம்மாவின் வளையலை வாங்கித் தன் துப்பட்டாவில் கோத்திருந்தாள். துப்பட்டாவின் இரு முனைகளையும் இரண்டு பேர் பிடித்திருக்க, வளையல் கழன்று அவள் கைக்கு வந்தது. குழந்தை வாயைப் பிளந்தது. கல்யாணமான புதிதில் நான் விளையாட்டாகக் கற்றுக்கொடுத்ததுதான். மேடைக்கு எடுபடாது என்று நானே கைவிட்ட வித்தை. அவள் மைக் இல்லாமல், ஊசி போடும்போது பேசுகிற அதே குரலில் பேசிக்கொண்டிருந்தாள். கேட்பதற்காக எல்லோரும் குனிந்து நெருங்கினார்கள். என்னிடம் யாரும் அப்படி நெருங்கி வந்ததில்லை. பெட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு நான் வெளிவட்டத்தில் நின்றேன்.

யாரோ எடுத்த வீடியோ மருத்துவமனை வாட்ஸ்அப் முழுக்கச் சுற்றியது. எங்கள் பிரிவு டாக்டர் என்னைக் கூப்பிட்டு, “உங்க வீட்ல நல்லா மேஜிக் பண்றாங்களே. உங்களுக்கும் சொல்லிக் குடுத்திருக்காங்களா?” என்று கேட்டார். கொஞ்சம் தெரியும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மார்கழி பிறந்ததும் திருவிடைமருதூரிலிருந்து ஒரு போன் வந்தது. தெருக்காரர்கள் சேர்ந்து வாசலிலேயே பொங்கல் விழா வைக்கிறார்கள், மேடம் வருவார்களா என்று கேட்டார்கள். விசிட்டிங் கார்டில் இருப்பது என் நம்பர். போனை அவளிடம் கொடுத்துவிட்டு, அவள் தயங்கித் தயங்கிச் சரி என்று சொல்வதைக் கேட்டுக்கொண்டு நின்றேன்.

அன்றிலிருந்து அவள் செய்வதில் குற்றம் கண்டுபிடிப்பதே எனக்கு வேலையாயிற்று. கை தாழ்ந்திருக்கிறது என்றேன், பேச்சு இழுக்கிறது என்றேன். அவள் பொறுமையாகத் திருத்திக்கொண்டாள். அதனால் இன்னும் நன்றாகச் செய்தாள். ஒருநாள் சாப்பாடு பரிமாறிக்கொண்டே கேட்டாள்.

“ஏங்க, உங்களுக்குப் பிடிக்கலைன்னா சொல்லிடுங்க. நான் போகல.”

“சொன்னா நீ நிஜமாவே போகமாட்டே,” என்றேன். “அது இதைவிடக் கஷ்டம். போகலாம், நானே கூட்டிட்டுப் போறேன்.”

அவள் ரசம் ஊற்றினாள்.

பைக்கில் போனோம். பாபநாசம் தாண்டியதும் ரோட்டில் பாதியை அடைத்து நெல் காயப் போட்டிருந்தார்கள்; ஓரமாக ஊர்ந்துதான் போக முடிந்தது. திருவிடைமருதூரில் தெருவிலேயே பாய் விரித்திருந்தார்கள். அவள் நடுவில் நின்றாள். நான் ஒரு வீட்டுச் சுவரில் சாய்ந்துகொண்டேன். அவள் செய்யப்போகும் ஒவ்வொன்றும் எனக்குத் தெரியும் என்ற தெம்பு இருந்தது.

கடைசியாக ஒரு பெரியவரின் மோதிரத்தைக் கேட்டு வாங்கினாள். உள்ளங்கையில் வைத்து மூடித் திறந்தாள். காணோம். இதுவரை எனக்குத் தெரியும். பிறகு நின்ற இடத்திலிருந்தே அவரிடம், “ஐயா, உங்க துண்டுல ஏதோ முடிச்சு இருக்கே, பாருங்க,” என்றாள். அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்துப் பார்த்தார். முனையில் இறுக்கமான முடிச்சு. அவர் அதைப் பல்லால் கடித்துத்தான் அவிழ்க்க வேண்டியிருந்தது. உள்ளே மோதிரம் இருந்தது.

தெரு முழுக்கக் கைதட்டியது. நானும் தட்டினேன். மோதிரம் வாங்கிய பிறகு அவள் அவர் பக்கமே போகவில்லை. நான் கண்ணெடுக்காமல் பார்த்திருந்தேன். விழா முடிந்ததும் அந்தப் பெரியவரைத் தனியாகப் பிடித்து, முன்பே பேசி வைத்திருந்தீர்களா என்று கேட்டேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

திரும்பும் வழியில் வண்டியை ஓரம் கட்டி அவளிடமே கேட்டேன்.

“அந்த முடிச்சு எப்படி?”

அவள் என் தோளில் கை வைத்தபடியே, “அது மட்டும் என்கிட்ட இருக்கட்டுங்க,” என்றாள். குரலில் கேலி இல்லை. இறங்கவும் இல்லை. வண்டியைக் கிளப்பினேன்.

இப்போது தெருவிழாக்களுக்கு அவளைத்தான் கூப்பிடுகிறார்கள். பள்ளி மேடைகள் எனக்கு. அவள் வார்டுக்குப் போன பிறகு, கொடியில் காயும் துண்டை உருவி வைத்துக்கொண்டு என் மோதிரத்தை வைத்து விதவிதமாகச் செய்து பார்க்கிறேன். ஒருமுறை ஏறக்குறைய வந்துவிட்டது என்று நினைத்தேன். மோதிரம் கட்டிலுக்கடியில் போய் விழுந்தது.