பிரசவ வார்டில் பேப்பர் நின்ற வாரம்

போன வாரம் பேப்பர் வாசிப்பதை நிறுத்திவிட்டேன்.

இதைப் பத்திரிகையிலேயே எழுதுகிறேனே என்று நீங்கள் சிரிக்கலாம். ஆசிரியரும் மன்னிக்க வேண்டும்.

நான் மட்டக்களப்பில் மருத்துவமாது. தாயின் வயிற்றில் குழலை வைத்துக் காது கொடுத்தால் குழந்தையின் இதயத் துடிப்புக் கேட்க வேண்டும். எனக்கோ, இந்த உலக யுத்தத்தில், வானத்தில் குண்டு விமானம் வருகிறதா என்பதிலேயே காது போயிற்று. காலையில் பேப்பர், மாலையில் பக்கத்து வீட்டு ரேடியோ, இடையில் ஆஸ்பத்திரி வாசல் வதந்தி... காது எத்தனையைத்தான் தாங்கும்?

ரயிலில் வரும் பேப்பரை மத்தியானத்தில் வார்டில் உரத்து வாசிப்பது என் வழக்கம். அதையும் நிறுத்தினேன்.

காத்தான்குடி ஆசியா உம்மாவுக்குச் சந்தோஷம். "நல்லது மிஸ்ஸி. நீங்க வாசிக்கக்குள்ள என்ட புள்ள வயித்துக்குள்ள பதுங்கு குழி வெட்டுறான்."

ஆனால் களுதாவளைத் தங்கம்மா அன்றைக்குச் சோற்றைத் தொடவில்லை. மறுநாளும் இல்லை. அவளுக்கு நிறைமாதம். புருஷனுக்குத் திருகோணமலைத் துறைமுகத்தில் வேலை. அங்கே குண்டு விழுந்தபின் தகவல் இல்லை.

"ஏன் சாப்பிடல்ல?"

"அவர் போயிட்டார், என்ன மிஸ்ஸி?"

"ஆர் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லல்ல. அதுதானே."

அப்போதுதான் விளங்கியது. எங்கள் ஊர்களில் வயிற்றுப் பிள்ளைக்காரியிடம் இழவு சொல்வதில்லை. பிள்ளை பிறந்தபிறகுதான் சொல்வார்கள். நான் பேப்பரை மடித்து வைத்தது என் நிம்மதிக்காக. அவளோ, சொல்ல முடியாத செய்தி வந்துவிட்டது என்று நினைத்திருக்கிறாள்.

என்ன செய்வது? மறுபடி வாசிப்பதா? அவளுக்கு வேண்டியது எது, வேண்டாதது எது என்று பிரித்துப் பார்த்தேன். மூழ்கிய கப்பல், முன்னேறும் படை, தளபதியின் பேச்சு, விழுந்த நகரம் — எதுவும் வேண்டாம். வேண்டியது ஒரே ஒரு மனிதனைப் பற்றி.

"அவரைப் பற்றி எது தெரிஞ்சாலும், நல்லதோ கெட்டதோ, நானே சொல்லுவன்."

"வயித்துப் புள்ளைக்காரியெண்டு பாக்க மாட்டீங்களா?"

"மாட்டன்."

கொஞ்சம் கஞ்சி குடித்தாள். அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை, திருகோணமலையிலிருந்து லொறியில் வந்த அவளுடைய ஊர்க்காரர் வார்டுக்கு வந்தார். "மச்சான் சுகமா இருக்கான், தங்கச்சி" என்றார். அவள் அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

அவரை வெளியே கூட்டிப்போனேன். "கண்ணால கண்டீங்களா?"

தலையைக் குனிந்துகொண்டார். "நான் காணல்ல மிஸ்ஸி. குண்டு விழுந்ததுக்குப் பிறகு அவனோட இருந்து சாப்பிட்ட ஆள் சொன்னான்."

திரும்பி வந்து அப்படியே சொன்னேன். ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

அவள் கேட்டாள்: "என்ன சாப்பிட்டாங்களாம்?"

மறுபடி வெளியே போய்க் கேட்டு வந்தேன். "பாணும் சம்பலுமாம்."

"அவருக்குப் பாண் இறங்காதே, சோறுதானே வேணும்" என்று முணுமுணுத்தபடி சோற்றுக் கோப்பையை மடிப்பக்கம் இழுத்தாள்.

உலகத்தில் அன்றைக்கு வேறென்ன நடந்ததோ... எனக்குத் தெரியாது.