பின் சீட்டு முதல் குரூப்புக்கு

சவுரிராயன் தன் ஷேர் ஆட்டோவில் ஏறுகிற பிள்ளைகளிடம் எங்கே இறங்கணும் என்று கேட்டு நான் பார்த்ததில்லை. எல்லாரும் பள்ளிக்கூடத்தில்தான் இறங்கப்போகிறார்கள். "இன்னா குரூப்பு?" என்றுதான் கேட்பார். பதிலைப் பொறுத்து இடம்.

பத்தாவது வரை எல்லாருக்கும் ஒரே ஐந்து பாடம் என்பதால் அவர்கள் எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம். பதினொன்றாவது வந்துவிட்டால் அப்படி இல்லை. கணக்கும் உயிரியலும் சேர்ந்த முதல் குரூப் என்றால் பின்னால் மெத்தை சீட்டு. கம்ப்யூட்டர் சயின்ஸுக்கும் அங்கேயே, இடம் மிச்சமிருந்தால். காமர்ஸ் என்றால் எதிரே போட்ட பலகை. ஹிஸ்டரியும் தொழிற்பிரிவும் முன்னால், அவருக்கு இரண்டு பக்கமும், பாதி உடம்பு வெளியே. அதில் பெண்பிள்ளைகள் இருந்தால் பலகையின் ஓரம்.

ஏன் இப்படி என்று கேட்டால் காரணம் வைத்திருந்தார்.

"டாக்டராவப் போற புள்ள. சாரல்ல நனையலாமா?"

"அப்ப நாங்க நனையலாமாண்ணா?" என்று ஹிஸ்டரி பையன் ஒருவன் கேட்டான்.

"நீ நனைஞ்சா காஞ்சிருவ. ஏறு ஜல்தி."

திண்டிவனத்தில் அந்த ஆட்டோக்கள் நிற்கிற இடத்துக்கு எதிரே ஒரு தையல் கடையில் நான் யூனிஃபார்ம் தைக்கிறேன். எட்டாவதோடு நின்றவள். நான் ஏறினால் அவர் எதுவும் கேட்க மாட்டார். பைகள் வைக்கிற இடத்தில் ஒதுங்கிக்கொள்வேன். அது எந்தக் குரூப்புக்கும் சேராத இடம்.

அவருக்குச் சொந்த ஊர் கண்டமங்கலம் பக்கம். அப்பா அம்மா இருவரும் பிறர் நிலத்தில் கூலி வேலை செய்தவர்கள். பத்தாவதில் அவர் கணக்கில் தேறாமல் போனார். திரும்ப எழுதினார், திரும்பவும் போனார். பாண்டிச்சேரியில் கொஞ்ச காலம் சென்ட்ரிங் வேலை பார்த்துவிட்டு ஆட்டோவுக்கு வந்தார். தன் வாழ்க்கையில் நல்லபடியாக நடக்காத எல்லாவற்றுக்கும் அந்தக் கணக்குதான் காரணம் என்று நம்பினார். ஆட்டோ பஞ்சரானால்கூட அதைத்தான் திட்டுவார்.

அவர் மகள் பிரபாவதி. அடுத்த வீடு என்பதால் என்னை அத்தை என்பாள். அவள் ஆறாவது படிக்கும்போதே மெத்தை சீட்டில் உட்கார வைத்துவிட்டார். "இது இன்னா, அட்வான்ஸ் புக்கிங்கா?" என்று இன்னொரு ஆட்டோக்காரர் ராஜாமணி கேட்டார். "எம் பொண்ணு ஃபர்ஸ்ட் குரூப்பு. எழுதி வச்சிக்கோ" என்றார் சவுரிராயன். அதன் பிறகு ஸ்டாண்டில் அவளுக்கு டாக்டரம்மா என்று பெயர்.

அவள் ஒன்பதாவது படிக்கும்போது ஒரு பௌர்ணமிக்கு எங்கள் தெருவில் சிலர் சேர்ந்து அவர் ஆட்டோவில் திருவக்கரை காளியம்மனைப் பார்க்கப் போனோம். பள்ளி லீவு என்று பிரபாவதியும் வந்தாள். அவர்கள் சர்ச்சுக்குப் போகிறவர்கள். அதனால் நாங்கள் கோயிலுக்குள் போனதும் அவர் ஆட்டோவிலேயே தூங்கினார். அவள் கல்மரப் பூங்காவுக்குப் போனாள். திரும்பி வந்தவளின் இரண்டு கையும் புழுதி.

"அத்த, அது மரமாம். கல்லாயிடுச்சாம். தொட்டுப் பாத்தா கல்லு, பாக்க மரம். வரியெல்லாம் தெரியுது" என்றாள். பிறகு அப்பாவிடம், "இதெல்லாம் எந்தக் குரூப்புல வரும்ப்பா?" என்று கேட்டாள்.

"எல்லாம் பயாலஜிலதான் வரும்" என்றார் அவர், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

ஜாகரபியில் வரும், அது ஹிஸ்டரி குரூப்பில் இருக்கிறது என்று அவளுடைய டீச்சர் பின்னால் சொல்லியிருக்கிறார். அதைப் பிரபாவதி என்னிடம் சொன்னாள். தனக்கு அதுதான் வேண்டும் என்றும் சொன்னாள். அப்பாவிடம் சொல்லவில்லை.

பத்தாவதில் நானூறுக்கு மேல் வாங்கினாள். சவுரிராயன் ஸ்டாண்டில் எல்லாருக்கும் கேக் கொடுத்தார். எனக்கும் ஒரு துண்டு வந்தது.

அட்மிஷன் நாள் வந்தது. அவர் மனைவி லூர்துமேரி மல்லாட்டை குடோனில் கடலை உடைக்கிற வேலை செய்கிறாள். சீசன் நேரம், லீவு கிடைக்கவில்லை. "பொன்னி, நீ கூடப் போடி. அந்த மனுசன் சவாரின்னா சோத்தயே மறந்துருவாரு" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

அவள் சொன்னபடிதான் நடந்தது. நானும் பிரபாவதியும் காலையிலேயே தயாராகிக் கடையில் உட்கார்ந்திருந்தோம். ஆட்டோ ஸ்டாண்டில் கூட்டமான கூட்டம். எல்லாரும் அதே பள்ளிக்குப் போகிறவர்கள். "தோ, ஒரு நடை அடிச்சிட்டு வந்துர்றேன்" என்று போனார். வந்தார். மறுபடியும் அதையே சொல்லிவிட்டுப் போனார். ஏறுகிற தாய்மார்களெல்லாம் அவரிடம்தான் யோசனை கேட்டார்கள்.

"எம் பையனுக்கு இன்னா கேக்கலாம்ண்ணே?"

"கண்ண மூடிக்கினு ஃபர்ஸ்ட் குரூப்பு கேளும்மா. வேற எது குடுத்தாலும் வாங்காத. நான் சொன்னேன்னு உக்காந்துக்கோ."

இதையே ஒவ்வொரு நடையிலும் சொன்னார். பிரபாவதி நான் தைத்து வைத்திருந்த சட்டைகளில் பிசிறு நூல் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"வேற ஆட்டோல போயிடலாமா?" என்று கேட்டேன்.

"அப்பா வரட்டும் அத்த. அவரு இல்லாம எப்டி?" என்றாள்.

அவள் முகத்தைப் பார்த்தேன். பிசிறைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அதற்கு மேல் கேட்கவில்லை.

நாங்கள் போய்ச் சேரும்போது மதியம் ஆகிவிட்டது. தலைமையாசிரியை மார்க் ஷீட்டைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"நல்ல மார்க்குதான். ஆனா ஃபர்ஸ்ட் குரூப் முடிஞ்சிருச்சே. இன்னைக்கி என்னன்னே தெரியல, வந்தவங்கல்லாம் அதையே கேக்குறாங்க. வேற குடுத்தா எழுந்திருக்கவே மாட்டேன்றாங்க."

வாசலில் ஒரு அம்மா சவுரிராயனை எட்டிப் பார்த்து, "அண்ணே, நீங்க சொன்ன மாரியே கெடச்சிருச்சிண்ணே!" என்று கும்பிட்டுவிட்டுப் போனார்.

"காமர்ஸ் இருக்கு, ஹிஸ்டரி இருக்கு" என்றார் தலைமையாசிரியை.

"ஹிஸ்டரி, டீச்சர்" என்றாள் பிரபாவதி.

அப்பா வாய் திறப்பதற்குள் எழுதியாகிவிட்டது. "யாராச்சும் பாலிடெக்னிக் போவாங்க. எடம் காலியானா போன் பண்றேன்" என்று சொல்லி அனுப்பினார்கள். அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் அவர் வீடு வந்தார். பிரபாவதிக்கு அந்த வாக்கியம்தான் பயம்.

பள்ளி திறந்தார்கள். முதல் நாள் காலையில் அவள், அப்பாதானே என்று பலகை ஓரத்தை விட்டுவிட்டு, தானாகவே முன்னால் ஏறி, அவருக்கு இடப்பக்கம் உட்கார்ந்தாள். பின்னால் போ என்று அவர் சொல்லவில்லை. சட்டம் அவர் போட்டதுதானே.

ராஜாமணி விடவில்லை. "இன்னா ராயா, டாக்டரம்மா முன் சீட்டுக்கு வந்துட்டாங்க? மழ வந்தா இன்னா பண்ணுவாங்க?"

"கலெக்டரு பரீச்சைக்கு இன்னா படிக்கிறாங்க தெரியுமா உனக்கு? ஹிஸ்டரி, ஜாகரபி. போய்க் கேளு."

அன்றைக்கு வாயில் வந்ததைச் சொன்னார் என்றுதான் நினைத்தேன். மறுநாள் வக்கீலைச் சேர்த்துக்கொண்டார். அடுத்த நாள் தாசில்தாரும் வந்தார். "ஊசி போடறவன் கடைசி வரிக்கும் ஊசிதான் போடணும். ஹிஸ்டரி படிச்சவன் ஊரையே ஆளுவான்" என்றார். கடைசியில் ராஜாமணியே, "எம் பையனையும் அதுலயே சேக்கலாமா?" என்று கேட்கும்படி ஆனது.

மறுநாள் காலையில், பிள்ளைகளை ஏற்றிக்கொண்டிருக்கும்போது போன் வந்தது. இன்ஜின் சத்தத்தில் கேட்காது என்று எப்போதும் ஸ்பீக்கரில்தான் போடுவார்.

"சவுரிராயன்ங்களா? ஃபர்ஸ்ட் குரூப்ல ஒரு எடம் காலியாயிருக்கு. பொண்ண மாத்திடலாமா? இப்பவே சொல்லுங்க, பின்னால ஆளு நிக்குது."

பிரபாவதி முன்னாலிருக்கிற கம்பியைப் பிடித்துக்கொண்டு ரோட்டைப் பார்த்தாள். எதிர்க் கடையில் நான் தையல் மிஷினை நிறுத்திவிட்டேன். ராஜாமணி டீ கிளாஸோடு பக்கத்தில் வந்து நின்றார்.

"இன்னா ராயா, கலெக்டரு மறுபடியும் டாக்டரு ஆவுறாங்களா?"

சவுரிராயன் போனைப் பார்த்தார். ராஜாமணியைப் பார்த்தார். மகளை மட்டும் பார்க்கவில்லை.

"வேணாங்க மேடம். ஹிஸ்டரிலயே இருக்கட்டும். அந்த எடத்த வேற யாருக்காச்சும் குடுத்துருங்க" என்றார். போனை வைத்துவிட்டு, "டீ ஆறிப்போவுது, குடி" என்றார் ராஜாமணியிடம்.

லூர்துமேரிக்கு விஷயம் சாயங்காலம் தெரிந்தது. எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் சுவர் பெரிய தடுப்பில்லை.

"அந்த ராஜாமணி வாய்க்கிப் பயந்து பொண்ணு படிப்ப மாத்தின ஆளு நீதான்யா!"

"எங்க மாத்தனேன்? அதேதான படிக்கிது" என்றார் அவர்.

பிரபாவதி அன்றைக்கு இரண்டு தடவை சோறு போட்டுக்கொண்டாளாம்.

பிரபாவதி இப்போது பன்னிரண்டாவது, ஹிஸ்டரி குரூப். தினமும் அப்பாவுக்கு இடப்பக்கம் உட்கார்ந்து போகிறாள். மழை வந்தால் நனைகிறாள். பின் சீட்டு இன்னும் முதல் குரூப்புக்குத்தான்.