எண் நகர்ந்தால்தான் படம்

செவ்வந்தி நல்ல புகைப்படக்காரி இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. அவள் எடுத்த படங்களில் பாதிக்கு மேல் யாருக்காவது தலையுச்சி வெட்டுப்பட்டிருக்கும். சின்னக் கண்ணாடி வழியே கண்ணுக்குத் தெரிவதும் ஃபிலிமில் போய் விழுவதும் ஒன்றல்ல என்று இருபத்தாறு வருடமாக அவளுக்குத் தெரியும். கை மட்டும் கேட்பதில்லை. ஆனால் ஃபிலிம் இல்லாத கேமராவை அவள் ஒருவர் முகத்துக்கு நேராகத் தூக்கியதில்லை. சாதாரண விஷயம்தான். சாதாரண விஷயத்தை இருபத்தாறு வருடம் தவறாமல் செய்கிறவர்கள் அதிகம் பேர் இல்லை.

வெள்ளகோவிலில் ஒரு போர்வை யூனிட்டில் அவளுக்குச் செக்கிங் வேலை. நெய்து வரும் போர்வையை வெளிச்சத்துக்கு எதிரே விரித்து, இழை விட்டுப்போன இடத்தில் சாக்பீஸால் சுழிக்க வேண்டும். கேமரா மதியச் சாப்பாட்டுப் பையில், டிபன் பாக்ஸுக்குப் பக்கத்தில் துணி சுற்றிக் கிடக்கும். உள்ளங்கையில் அடங்குகிற கறுப்புப் பெட்டி. இரண்டு பென்சில் பேட்டரி போட்டால் ஓடும், பட்டனை அழுத்தினால் தானே ஃபிலிமைச் சுற்றிக்கொள்ளும். அவள் கணவன் பிரான்சிஸ் அதைச் சோப்பு டப்பா என்பான். அதன் தலையில் குன்றிமணி அளவுக்கு ஒரு ஜன்னல். எத்தனையாவது படம் என்று எண் காட்டும்.

அவள் அதை வாங்கிய கதை ஒரு கல்யாணத்தில் தொடங்குகிறது. தொண்ணூற்றேழில், நஞ்சுண்டன் வீட்டு மூத்த மகன் கிருபாசங்கருக்குக் கல்யாணம். நஞ்சுண்டனுடைய தோட்டத்தில்தான் செவ்வந்தியின் அம்மா பாவாத்தாள் முப்பது வருடம் களை வெட்டினாள், மஞ்சள் வெட்டினாள். சாப்பாடெல்லாம் முடிந்தபின் பாவாத்தாளின் தெருக்காரர்களை நஞ்சுண்டனே கூப்பிட்டு, ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். காங்கேயத்திலிருந்து வந்திருந்த ஸ்டுடியோக்காரர் கேமராவும் கையுமாக நின்றார். பதினெட்டுப் பேர் பந்தலுக்கு வெளியே, வேலியோரம் வரிசையாக நின்றார்கள். பாவாத்தாள் அவசரமாகத் தலையைத் தடவிக்கொண்டு கேட்டாள்.

“ஏனுங்க சாமி, பல்லுத் தெரியோணுங்களா, தெரியக் கூடாதுங்களா?”

“தெரியட்டும், தெரியட்டும்.”

பாவாத்தாள் பல் தெரிய நின்றாள். பளிச்சென்று வெளிச்சம் அடித்தது. இரண்டு முறை.

இருபது நாள் கழித்துச் செவ்வந்தி பஸ் ஏறி காங்கேயம் போனாள். அப்போது அவளுக்குப் பதினெட்டு வயது. ஸ்டுடியோவில் ஆல்பம் ஒட்டிக்கொண்டிருந்த ஆள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“உங்க தெருவுக்கா? அது வெறும் ஃபிளாஷ்தானேம்மா. ஃபிலிம் எங்க சுத்துனாங்க? நஞ்சுண்டப் பண்ணாடிதான் சொல்லிப்போட்டாரு. சும்மா ஃபிளாஷ் அடிச்சு அனுப்பீரு, அவியளுக்கு என்ன தெரியப் போவுதுன்னு.”

அவன் கெட்டவனில்லை. எல்லாக் கல்யாணத்திலும் நடப்பதைச் சொன்னான். ஒரு சுருளில் முப்பத்தாறு படம்தான், ஆட்களோ முந்நூறு பேர். யாருக்குப் படம், யாருக்கு வெளிச்சம் என்று யாராவது முடிவு செய்துதானே ஆக வேண்டும்? முடிவு செய்கிற இடத்தில் இருந்தவருக்கு அது ஒரு முடிவாகவே தோன்றியிருக்காது.

செவ்வந்தி வீட்டுக்கு வந்து அம்மாவிடம் உண்மையைச் சொல்லவில்லை. “இன்னும் கழுவிட்டிருக்காங்களாம்மா” என்றாள். பாவாத்தாள் மாசத்துக்கு ஒருமுறை கேட்டாள், “போட்டோ கழுவியாச்சான்னு ஒரு எட்டுப் பாத்துட்டு வாயேன் கண்ணு.” மறு வருஷம் காய்ச்சலில் படுக்கும்வரை கேட்டாள். பிறகு கேட்க அவள் இல்லை. சாமிப் படத்துக்குப் பக்கத்தில் மாட்ட ஒரு முகம் வேண்டும் என்று தேடியபோதுதான், அம்மாவின் முகம் உலகத்தில் எந்தத் தாளிலும் இல்லை என்பது செவ்வந்திக்கு உறைத்தது.

அடுத்த வருடம் ஈரோட்டில், ஒரு பழைய கடையில், அந்தக் கறுப்புப் பெட்டியை வாங்கினாள். தெருவுக்குக் கொண்டுவந்தால், முதலில் நிற்க வேண்டிய அவளுடைய சித்தப்பா மாசாணம் நகர மறுத்தார். வேலியோரத்துக் கதை அதற்குள் தெருவுக்கே தெரிந்திருந்தது.

“இதுலயும் வெறும் வெளிச்சந்தானா புள்ளே?”

செவ்வந்தி பெட்டியை அவர் கண்ணருகே நீட்டினாள். “இந்த ஜன்னல்ல என்ன நம்பரு சித்தப்பா?”

“ஒண்ணு.”

பட்டனை அழுத்தினாள். உள்ளே மோட்டார் கர்ரென்று ஓடியது. மறுபடி நீட்டினாள்.

“இப்ப?”

“ரெண்டு.”

“ஃபிலிம் இல்லாட்டி நம்பரு நவுராது. நவுந்துச்சுன்னா நீங்க உள்ள இருக்கறீங்க.”

அன்று தொடங்கியதுதான். தெருவில் யாரை எடுத்தாலும் முன்னால் எண்ணைக் காட்டுவாள், எடுத்தபின் எண்ணைக் காட்டுவாள். குழந்தைகளுக்கும் காட்டுவாள். கைப்பேசி வந்து, ஆளுக்கு ஆயிரம் படம் ஆன பிறகும் அந்தத் தெருவில் ‘என்ர படம் பதினேழு’, ‘நானு இருபத்திமூணு’ என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். ஃபிலிம் கிடைப்பது அரிதாகிவிட்டது. வருஷத்துக்கு ஒரு சுருள், எப்போதாவது இரண்டு. ஈரோட்டு ஸ்டுடியோக்காரர் ஒருவர் சென்னைக்கு அனுப்பிக் கழுவி வாங்கித் தருகிறார். நெகட்டிவ்கள் ஒரு பிஸ்கட் டப்பாவில் வீட்டு அலமாரியில் இருக்கின்றன.

போன ஆவணியில் ரித்திகா அவள் வீட்டுக்கு வந்தாள். கிருபாசங்கரின் மகள், கோயமுத்தூரில் படித்து அங்கேயே வேலை பார்க்கிறவள். அந்த வீட்டுப் பெண் இந்தத் தெருவுக்குள் வந்து, கொடுத்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, தண்ணீர் வாங்கிக் குடித்தது தெருவுக்கே காட்சியாக இருந்தது.

“அக்கா, எனக்குக் கல்யாணம். ரெண்டு கேமராக்காரங்க வாராங்க, ட்ரோன் வருது, எல்லாம் வருது. ஆனா எனக்கு ஃபிலிம்ல ஒரு ரோல் வேணும். நீங்கதான் எடுக்கணும். போர்வை வாங்க வந்தப்ப உங்க படமெல்லாம் பாத்திருக்கேன், யூனிட்ல மாட்டியிருக்கீங்களே.”

“தல வெட்டுப்பட்டிருக்குமே கண்ணு.”

“அதுதான் வேணும்.”

செவ்வந்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “படம் குடுப்பேன். நெகட்டிவ் என்கிட்டத்தான் இருக்கும். எடுக்கறதுக்கு முன்னால ஒவ்வொருத்தருக்கும் நம்பரு காட்டுவேன். சம்மதமா?”

ரித்திகாவுக்குக் காரணம் தெரியாது. சம்மதம் என்றாள்.

விஷயம் பரவியதும் தெரு அவளைச் சும்மா விடவில்லை. வழியில் பார்த்தவர்களெல்லாம் ஒன்றையே சொன்னார்கள். பிரான்சிஸ் அதையே சோற்றில் கைவைத்துக்கொண்டு சொன்னான்.

“ஃபிலிமே போடாத. முப்பத்தாறு வாட்டி நல்லா பளிச்சு பளிச்சுன்னு அடிச்சுட்டு வந்துரு. கேட்டாக்க, இன்னும் கழுவிட்டிருக்காங்கன்னு சொல்லிப்போடு.”

“அது எங்கம்மாகிட்ட நாஞ் சொன்னது.”

பிரான்சிஸ் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டான்.

ஒரு வாரம் அவள் அதை யோசித்தாள். ஆசை இல்லாமலில்லை. ஆனால் வெறும் ஃபிளாஷ் அடித்தால், அவர்கள் கையிலிருந்த பொய்யை வாங்கித் தன் கையில் வைத்துக்கொண்டதாக ஆகும். அந்தப் பெட்டியை வாங்கியதற்கே பிறகு அர்த்தமில்லை. கல்யாணத்தன்று காலை, தெரு முழுக்கப் பார்க்க, வாசலில் நின்று சுருளைப் போட்டாள்.

மண்டபத்தில் அவள் எண்ணைக் காட்டாமல் ஒரு படமும் எடுக்கவில்லை. மாப்பிள்ளையின் அக்காவுக்கு இணைச்சீர்ச் சடங்கு நடந்தபோது எண் பதினொன்று. முகூர்த்தத்தில் பத்தொன்பது. ரித்திகாவின் பாட்டி தெய்வாத்தாள், இத்தனை வருஷத்தில் முதல்முறையாக அவளை, வீட்டுப் பெண்ணைப்போல, அம்மிணி என்று கூப்பிட்டாள்.

“ஏன் அம்மிணி, இதென்ன ரேசன் கடை டோக்கனா? ஆளாளுக்கு நம்பரு காட்டீட்டுத் திரியறே?”

“டோக்கன் மாதிரித்தானுங்க. நம்பரு நவுந்தாத்தான் சரக்கு.”

தெய்வாத்தாள் சிரித்தாள். பக்கத்தில் நின்ற நஞ்சுண்டனும் சிரித்தார். எழுபத்தைந்து வயதுக்கு அவர் நன்றாக இருந்தார். எண்ணைப் பாருங்கள் என்று அவள் நீட்டியபோது, பேத்தியின் விளையாட்டில் கலந்துகொள்கிறவர்போல, குனிந்து கண்ணை இடுக்கிப் பார்த்தார். அவர் முகத்தில் எந்த நினைவும் ஓடவில்லை. செவ்வந்தி அதைத்தான் கவனித்தாள். பட்டவர்களுக்கு அது நடந்த நாள். செய்தவருக்கு அன்று எதுவும் நடக்கவில்லை.

மதியம், மேடைப் படிக்குப் பக்கத்தில் செவ்வந்தியின் தெருவிலிருந்து பதினொரு பேர் நின்றிருந்தார்கள். படம் எடுத்துக்கொள்ளக் காலையிலிருந்தே நிற்கிறார்கள். மாசாணம் வெள்ளைச் சட்டையில் முன்னால் நின்றார், எண்பதைத் தாண்டியவர், கைத்தடியோடு. பிரான்சிஸும் இருந்தான். வீடியோக்காரர்கள் ‘அப்புறம், அப்புறம்’ என்று இரண்டு முறை சொல்லியாயிற்று. ஜன்னலில் முப்பத்தாறு நின்றது. இன்னும் ஒரு படம்தான் என்று செவ்வந்தி மேடையில் சொல்லிவிட்டாள்.

நஞ்சுண்டன் மேடையிலிருந்து தன் அண்ணன் பாலகோபாலைக் கைநீட்டிக் கூப்பிட்டார். கோயமுத்தூரிலிருந்து வந்திருந்த அண்ணன் மெதுவாகப் படியேறி வந்தார். அப்போதுதான் நஞ்சுண்டன் கீழே நின்றவர்களைப் பார்த்தார். பார்த்துவிட்டு, ரொம்பச் சாதாரணமாக, கோபம் ஏதுமில்லாமல், செவ்வந்தி பக்கம் சாய்ந்து சொன்னார்.

“கடைசி ஒண்ணு எனக்கும் எங்கண்ணனுக்கும் எடுத்துரு. அவியளுக்குச் சும்மா ஒரு ஃபிளாஷ் அடிச்சு அனுப்பியுடு.”

அவள் காதில் அது காங்கேயத்து ஆளின் குரலில் விழுந்தது. இருபத்தெட்டு வருடத்தில் ஒரு சொல்கூடத் தேயவில்லை.

செவ்வந்தி படியிறங்கினாள். பதினொரு பேரையும் மேடைப் படிமேல், விளக்கு விழுகிற இடத்தில், இரண்டு வரிசையாக ஏற்றி நிறுத்தினாள். மாசாணத்திடம் பெட்டியை நீட்டினாள்.

“நம்பரு என்னங்க சித்தப்பா?”

“முப்பத்தாறு.”

“இதுதான் கடைசி. யாரும் கண்ண மூடீராதீங்க.”

“ஏ, செவ்வந்தி!” என்று மேலிருந்து நஞ்சுண்டனின் குரல் வந்தது. “அங்க என்ன பண்றே? அதான் சொன்னனில்ல.”

அவள் அழுத்தினாள். வெளிச்சம் அடித்தது. பிறகு பெட்டிக்குள்ளிருந்து நீளமாக ஒரு ஓசை, தேனீ அடைபட்டதுபோல. சுருள் முழுக்கப் பின்னோக்கிச் சுற்றிக்கொண்டிருந்தது. ஓய்ந்ததும் அவள் முதுகுக் கதவைத் திறந்து சுருளை எடுத்து, இடுப்புப் பையில் போட்டு, கதவை மூடிக்கொண்டு மேடையேறினாள். நஞ்சுண்டனிடம் பெட்டியின் தலையை நீட்டினாள். ஜன்னலில் எண் இல்லை.

“ஃபிலிம் முடிஞ்சு போச்சுங்க. உங்களுக்கு வேணும்னாச் சொல்லுங்க, சும்மா ஒரு ஃபிளாஷ் அடிக்கறேன்.”

பாலகோபால் துண்டைச் சரிசெய்துகொண்டு நிற்கத் தயாராக இருந்தார். “சும்மான்னா? அதென்னம்மா சும்மா?”

“தம்பியக் கேளுங்க. அவருக்குத் தெரியும்.”

அண்ணன் தம்பியைப் பார்த்தார். தெய்வாத்தாள் பார்த்தாள். மணக்கோலத்தில் ரித்திகாவும் பார்த்தாள். நஞ்சுண்டன் அந்த வெற்று ஜன்னலையே பார்த்துக்கொண்டு நின்றார். வேலியோரம் நினைவுக்கு வந்ததா, வராமல் வேலைக்காரி மகளின் திமிர் மட்டும் தெரிந்ததா என்று சொல்ல முடியாது. கழுத்து சிவந்தது.

“ஃபிலிம் தீந்துபோச்சாமுங்ணா. வாங்க, பந்தி ஆரம்பிச்சுட்டாங்க.”

செவ்வந்தி நகர்ந்து வழி விட்டாள். தலை குனியவில்லை.

படங்கள் கழுவி வந்தபோது தெருவே அவள் வீட்டு வாசலில் கூடியது. முப்பத்தாறாவதில் பிரான்சிஸ் பாதிக் கண் மூடியிருந்தான். பின்வரிசையில் இரண்டு பேருக்கு வழக்கம்போலத் தலையுச்சி இல்லை. மாசாணம் முழுதாக இருந்தார், வாய் நிறையப் பொய்ப்பல் தெரிய. வலது ஓரத்தில், மேடை விளிம்பில், மோதிரம் போட்ட ஒரு கை தடுக்கிறதுபோல நீண்டிருந்தது. முகம் விழவில்லை.

ரித்திகா வந்து தன் படங்களை வாங்கிக்கொண்டாள். முப்பத்தாறாவதை வெகுநேரம் கையில் வைத்திருந்தாள்.

“இந்தக் கை தாத்தாவோடதுதானே? அன்னைக்கு அவருகிட்ட என்னக்கா கேட்டீங்க? வீட்ல யாரும் சொல்ல மாட்டேங்கறாங்க.”

செவ்வந்தி சொன்னாள். வேலியோரம், பதினெட்டுப் பேர், பல் தெரிய நின்ற அம்மா, காங்கேயம், எதையும் குறைக்கவில்லை, கூட்டவில்லை. கேட்டு முடித்ததும் ரித்திகா, அந்தப் படத்தின் பிரதி ஒன்று வேண்டும், வீட்டில் மாட்டுவேன் என்றாள்.

“மாட்டறது உங்க இஷ்டம் கண்ணு. நெகட்டிவ் இங்க இருக்கும்.”

அவள் மாட்டினாளா என்று செவ்வந்தி இதுவரை கேட்கவில்லை. பாவாத்தாளின் முகம் இன்னும் எந்தத் தாளிலும் இல்லை. முப்பத்தாறாவது படம் அதற்கு ஈடாகிவிட்டது என்று யாராவது ஆறுதல் சொன்னால் செவ்வந்தி சண்டைக்கு வருவாள். எதுவும் எதற்கும் ஈடில்லை. தைப்பொங்கல் நோம்பிக்குப் புதுச் சுருள் போட்டிருக்கிறாள். ஜன்னலில் இப்போது நாலு.