குறைத்த நூறு ரூபாய்

என் வீட்டுக்காரர் அப்போது ராணுவத்தில், வடக்கே எல்லையில் இருந்தார். அவர் குரலைக் கேட்டு எட்டு மாதம் ஆகியிருந்தது. கீழ்பென்னாத்தூர் பக்கம் எங்கள் ஊரில் ஒரு தொலைபேசிகூடக் கிடையாது. ஊரே கையெழுத்துப் போட்டு எம்.பி.யிடம் மனு கொடுத்தோம். எழுதியவள் நான்தான். பி.ஏ. படித்த மருமகள் என்ற கெத்து எனக்குக் கொஞ்சம் ஜாஸ்தி.

பட்ஜெட் கூட்டத்தொடர் நடந்தபோது, திருவண்ணாமலையில் இருந்த எம்.பி. அலுவலகத்திலிருந்து இங்கிலீஷில் அச்சடித்த ஒரு தாள் வந்தது. தொலைத்தொடர்புத் துறை கேட்கும் தொகையில் நூறு ரூபாயைக் குறைக்க வேண்டும் என்று எம்.பி.யே தீர்மானம் கொடுத்திருந்தார். எங்கள் ஊரில் தொலைபேசி இல்லாததைக் காரணமாகப் போட்டிருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கேட்டதைக் கொடுக்காவிட்டால் போகிறது, இருக்கிறதிலும் கை வைப்பாரா இந்த மனுஷன்?

"நம்ம ஊரக் காட்டி நூறு ரூபா கம்மி பண்ணச் சொல்றாருங்க," என்று மாரியம்மன் கோயில் முன்னால் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன்.

"நூறுதானேம்மா, நாமளே கட்டிடலாம்," என்றார் மாமனார். வேர்க்கடலை விற்றிருந்த நேரம். மறுநாளே டெல்லிக்கு எம்.பி. பெயரில் மணியார்டர் போனது. "குறைத்த நூறு ரூபாயை ஊர் கட்டுகிறது. ஃபோன் கொடுப்பதை நிறுத்திவிடாதீர்கள்" என்று கூப்பனில் எழுதினேன்.

கூட்டத்தொடர் முடிந்ததும் எம்.பி. நேரிலேயே வந்துவிட்டார்.

"ஒரு துறைக்குப் பணம் ஒதுக்க சபை ஓட்டுப் போடறதுக்கு முன்னாடி, நூறு ரூபா குறைன்னு எழுதிக் குடுக்கறது வழக்கம்மா. அத வெச்சுத்தான் நம்ம ஊர்க் குறைய எழுந்து பேசலாம். பணம் ஒண்ணும் குறையாது, பேசிட்டு வாபஸ் வாங்கிடுவோம்."

எனக்கு மானமே போயிற்று. மாமனார் பின்னால் போய் ஒளிந்துகொண்டேன்.

"இந்தப் பக்கம் வாம்மா," என்றார் எம்.பி. "பேச எனக்குக் கிடைச்சது அஞ்சு நிமிஷம். உன் கூப்பனைத்தான் படிச்சேன். எதிர்க்கட்சி, ஆளுங்கட்சி எல்லாரும் மேசையத் தட்டினாங்க. இந்த வருஷமே குடுக்கறேன்னு மந்திரி எழுந்து சொல்லிட்டாரு."

ஊர் ஆர்ப்பரித்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

சொன்னபடியே அந்த வருஷமே மளிகைக் கடையில் தொலைபேசி வைத்தார்கள். வீட்டுக்காரருக்கு நம்பரை எழுதிப் போட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மணி அடித்தது. கடையைச் சுற்றி ஊரே நிற்க, நான் எடுத்தேன்.

"ஹலோ, யாரு? நீயா?"

"நான்தாங்க," என்றேன், நாலு தெருவுக்குக் கேட்கும்படி.